ஓட்டிசமுள்ளோரும் நமது வைத்தியசாலைகளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சுகாதாரத்தைப் பற்றி ஒரு சொற்பொழிவு நிகழ்த்தவேண்டுமென்று காரியதரிசி அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். நீரிழிவைப் பற்றியோ டெங்குக் காய்ச்சலைப் பற்றியோ நான் பேசுவேனென்று உங்களிற் பலர் எதிர்பார்த்திருக்கலாம். அவற்றைப் பற்றிப் பேசுவோர் பலர் உளர். பேசுவோர் அருகிய ஒரு பொருளை இன்று எடுத்துக்கொள்ளுகின்றேன். ஓட்டிசம் உள்ளவர்களுக்கு வைத்தியம் எளிதிற் கிட்டும்படி செய்வது எங்ஙனம் என்பதே அப்பொருள்.

பண்டத்தரிப்பில் நின்று வைத்தியத்தைப் பற்றிப் பேசுபவன் பழைய வரலாறு ஒன்றை முதலில் நினைவுகூர்தல் தகும். 1820ஆம் ஆண்டிலே டாக்டர் யோன் ஸ்கடர் என்னும் அமெரிக்கர் இவ்வூருக்கு வந்து தங்கி நோயாளருக்கு மருந்து கொடுக்கத் தொடங்கினார். மேனாட்டு வைத்தியம் இத்தீபகற்பத்துக் கிராமங்களில் காலூன்றியபோது, அது முதலில் வந்த ஊர்களுள் நம்மூரும் ஒன்று. அவருக்குப் பின் 1847இல் டாக்டர் சாமுவேல் கிறீன் வந்தார். மானிப்பாயில் அமர்ந்து நம்மவர்க்கு வைத்தியக் கல்வி புகட்டினார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தவர், பின்னர் தாமே தமிழைக் கற்று, உடற்கூறும் இரண வைத்தியமும் தமிழிலேயே கற்பித்து, நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். தமிழிற் படித்த வைத்தியன் தன்னூரில் நிலைத்துத் தன் மக்களுக்குப் பணிசெய்வான் என்பது அவர் எண்ணம். அவர் சமயம் வேறு, நம் சமயம் வேறு. ஆயினும் அவர் செய்த இந்தக் காரியத்தின் உண்மையை நாம் மறத்தலாகாது. நோயாளி வைத்தியனுடைய மொழியைக் கற்றுக்கொண்டு வரவேண்டுமென்று அவர் காத்திருக்கவில்லை. வைத்தியம் நோயாளியின் மொழியைக் கற்றுக்கொள்ள வேண்டுமென்று கண்டார்.

அன்பர்களே, இன்றைக்கும் நம்மிடையே ஒரு கூட்டத்தார் இருக்கின்றார்கள். அவர்களுடைய மொழியை நமது வைத்தியசாலைகள் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. அவர்களே ஓட்டிசமுள்ளோர்.

ஓட்டிசம் என்றால் என்ன? தமிழ்நாட்டில் சிலர் இதனை மதியிறுக்கம் என்பர். மதி இறுகிப்போயிற்று என்ற தவறான கருத்தை அச்சொல் தரக்கூடுமாதலின், ஓட்டிசம் என்ற சொல்லையே நான் வழங்குகின்றேன். இது தொற்றுநோயன்று, பைத்தியமுமன்று. மூளை வளரும் முறையிலுள்ள ஒரு வேறுபாடு. பிறவியிலேயே அமைந்து வாழ்நாள் முழுதும் உடன்வருவது. பிறரோடு பழகுவதிலும் பேச்சிலும் இவர்கள் வழி வேறு. ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், வழக்கம் மாறினால் கலங்குதல், ஒளி, ஒலி, மணம், தொடுகை ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்தல் என்பனவும் உண்டு. சிலர் பேசுவதேயில்லை. சிலர் சரளமாகப் பேசுவர், பட்டமும் பெறுவர். ஒருவரைப்போல் மற்றவர் இரார்.

1943ஆம் ஆண்டில் லியோ கானர் என்னும் வைத்தியர் பதினொரு பிள்ளைகளின் வரலாற்றை எழுதி வெளியிட்டதிலிருந்து இது தனியொரு நிலைமையாக அறியப்பட்டது. 2021ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகில் ஏறத்தாழ 127 பேருக்கு ஒருவர் ஓட்டிசமுள்ளவரென்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. நம் இலங்கையிலே பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் அவரோடு சேர்ந்தோரும் 18 முதல் 24 மாத வயதுள்ள குழந்தைகளைப் பரிசோதித்து 2009இல் வெளியிட்ட சிறு ஆராய்ச்சியொன்றில் 93 குழந்தைகளுக்கு ஒன்று என்று கண்டனர். ஆயிரம் பேர் வாழும் ஊரில் ஏழெட்டுப் பேராவது இருப்பர் என்று கொள்ளலாம். அவர்களிற் பலர் வளர்ந்தவர்கள். தம் நிலைமைக்கு ஒரு பெயருண்டு என்பதையே அறியாமல், ‘ஒரு மாதிரியான ஆள்’ என்று ஊரார் சொல்லக் கேட்டுக்கொண்டே முதுமையடைந்தவர்கள்.

இவர்களுக்கு நம்மைப்போலவே காய்ச்சல் வரும், பல்வலி வரும், நீரிழிவும் வரும். வலிப்பு நோயும் நித்திரைக் குறைவும் மலச்சிக்கலும் மனப்பதற்றமும் மற்றவர்களைக் காட்டிலும் இவர்களுக்கு மிகுதி. ஆகவே வைத்தியம் இவர்களுக்கு அதிகமாக வேண்டியிருக்கின்றது. கிடைப்பதோ குறைவு. சுவீடன் தேசத்திலே 2016இல் வெளியான பேராராய்ச்சியொன்று, மாண்டுபோன ஓட்டிசமுள்ளோரின் சராசரி வயது ஏறத்தாழ 54 என்றும், ஏனையோரின் சராசரி வயது 70 என்றும் காட்டிற்று. செல்வமும் வைத்தியசாலைகளும் நிறைந்த நாட்டிலேயே பதினாறு ஆண்டு ஆயுள் குறைகின்றது என்றால், இதனைச் சிறிய விஷயமென்று ஒதுக்கிவிடலாமா?

நம் நாட்டில் 1951ஆம் ஆண்டு முதல் அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணமில்லை. பண்டத்தரிப்பிலே பிரதேச வைத்தியசாலை இருக்கின்றது. பெரிய வைத்தியம் வேண்டின் தெல்லிப்பழைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ பஸ்ஸேறிப் போகலாம். கதவு யாவர்க்கும் திறந்தே இருக்கின்றது. பின்னே தடை எங்கே?

ஓர் உதாரணம் சொல்லுகின்றேன். பேசாத சிறுவன் ஒருவன் என்று வைத்துக்கொள்வோம். வயது பத்து. இரண்டு நாளாக உண்ணான், உறங்கான், தன் கன்னத்திலே தானே அறைந்துகொள்ளுகின்றான். தாய் அவனை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகின்றாள். காலை ஏழு மணிக்கு இலக்கத் துண்டு எடுத்து வாங்கில் இருக்கின்றாள். மேலே மின்விசிறி கறகறவென்று சுழல்கின்றது. குழல்விளக்கு மினுங்குகின்றது. கிருமிநாசினியின் மணம் மூக்கைத் துளைக்கின்றது. பத்துப் பிள்ளைகள் அழுகின்றன. நமக்கு இவை ஒன்றுமில்லை. அவனுக்கோ தேர்த்திருவிழாவிலே வெடிக்கட்டின் பக்கத்திற் கட்டிவைத்தாற்போல இருக்கின்றது. கத்துகின்றான், நிலத்திற் புரளுகின்றான். ‘குழப்படிப் பிள்ளை, வளர்ப்புச் சரியில்லை’ என்று பக்கத்திலிருப்போர் முணுமுணுக்கின்றனர். முறை வந்து உள்ளே போனால், வாயைத் திறக்க விடுகின்றானில்லை. ‘இது அவனுடைய ஓட்டிசக் குணம்’ என்று சொல்லி, அமைதிப்படுத்தும் மருந்தை எழுதிக் கொடுத்து அனுப்புகின்றனர். கடைவாய்ப் பல்லின் அடியிலே சீழ் கட்டியிருக்கின்றது. அதை ஒருவரும் காணவில்லை. அவன் தன் கன்னத்தில் அறைந்தது குழப்படியன்று. ‘இந்த இடம் நோகிறது’ என்று அவன் தன் மொழியிற் சொன்ன வாக்கியம் அது.

இவ்வாறு எதையும் ஓட்டிசத்தின் மேலேயே ஏற்றிவிட்டு உண்மை நோயைக் காணத் தவறுவது பெருங்கேடு. குணம் திடீரென மாறினால், முதலில் உடம்பிலே நோவு தேடவேண்டும். பல், காது, வயிறு, தொண்டை, சிறுநீர் என ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். தாய்மார்களே, இதனை வைத்தியரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். ‘இவன் இரண்டு நாளாகத்தான் இப்படி, முன்னே இப்படியில்லை’ என்ற ஒரு வார்த்தை பெரும் பயன் தரும்.

பேசத் தெரிந்த வளர்ந்தவர்களுக்கும் துன்பம் உண்டு. அயர்லாந்திலே மேரி டொஹெர்ட்டி என்னும் வைத்தியர் இருக்கின்றார். சத்திரசிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுப்பவர், தாமும் ஓட்டிசமுள்ளவர். அவரும் அவரோடு சேர்ந்தோரும் 2022இல் வெளியிட்ட ஆராய்ச்சியிலே, ஓட்டிசமுள்ள வளர்ந்தவர்களில் நூற்றுக்கு 80 பேர் வைத்தியரிடம் போவதே கடினமென்றனர். ஏனையோரில் அப்படிச் சொன்னோர் 37 பேரே. தமக்குள்ள நோவு வைத்தியரைக் காணவேண்டிய அளவினதா என்று தீர்மானிக்க முடியாமலே பலர் இருந்துவிடுகின்றனர். காத்திருக்கும் இடமே பாதிப்பேருக்குத் தடையாகின்றது.

இதே டொஹெர்ட்டி அம்மையாரும் நண்பர்களும் வைத்தியசாலைகள் கைக்கொள்ளத்தக்க ஐந்து காரியங்களை வகுத்துள்ளனர். அவற்றை நம்மூருக்கு ஏற்றவாறு விளக்குகின்றேன்.

முதலாவது, புலன்களுக்கு ஆறுதல். சத்தமும் வெளிச்சமும் குறைந்த ஒரு மூலை இருந்தாற் போதும். அதுவும் இல்லையாயின், தகப்பன் பிள்ளையோடு வெளியே வேப்பமர நிழலிலே நிற்கட்டும். உறவினர் ஒருவர் வரிசையில் இருக்கட்டும். முறை வந்ததும் கூப்பிடலாம். இதற்குச் சல்லிக் காசு செலவில்லை.

இரண்டாவது, நடக்கப்போவதை முன்னரே அறிவித்தல். நோயில்லாத ஒருநாளிலே பிள்ளையைக் கூட்டிக்கொண்டுபோய்க் கட்டடத்தைக் காட்டலாம். வாசல், வாங்கு, வைத்தியரின் கதிரை ஆகியவற்றைக் கைப்பேசியிற் படமெடுத்து வீட்டில் வரிசையாகக் காட்டலாம். தாதி தொடுமுன், ‘இப்பொழுது கையைத் தொடப்போகின்றேன்’ என்று சொல்லித் தொடவேண்டும். ஊசி போடப்போகும் பிள்ளையிடம் ‘ஊசி இல்லை’ என்று பொய் சொல்லாதீர்கள். ஒருமுறை பொய்த்த வாக்கை அவன் ஆயுளுக்கும் மறவான். அடுத்தமுறை வாசலையே மிதியான்.

மூன்றாவது, உள்ளவாறு ஏற்றல். ஆடிக்கொண்டிருந்தால் ஆடட்டும். கையை உதறினால் உதறட்டும். அவன் தன்னைத் தானே அமைதிப்படுத்தும் வழி அது. நாடியைப் பிடித்து ‘என் முகத்தைப் பார்’ என்று வற்புறுத்தலாகாது. முகத்தைப் பாராமலே காதாற் கேட்பவர் அவர்களிற் பலர்.

நான்காவது, விளங்கும்படி பேசுதல். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. கேட்டபின் பொறுத்திருத்தல். படமோ எழுத்தோ காட்டுதல். நம் பேச்சில் உருவகங்கள் மலிந்துள்ளன. ‘நெஞ்சு எரிகிறதா?’ என்று கேட்டால், சொன்ன சொல்லைச் சொன்னபடியே கொள்ளும் அவன் ‘இல்லை, நெருப்பில்லை’ என்று சொல்லக்கூடும். ‘ஒரு நிமிஷம் இரு’ என்று சொல்லி அரைமணி கழித்து வந்தால், அவன் கணக்கில் நீங்கள் பொய்யர். ‘சாப்பிட்டபின் இந்த இடத்தில் நோகுமா?’ என்று இடத்தைக் காட்டிக் கேட்டால் சரியான விடை வரும்.

ஐந்தாவது, பிறர் துன்பத்தைத் தன் துன்பம்போல் உணர்தல். இதிலே முதலில் தாயின் துன்பத்தை உணரவேண்டும். 1950களிலும் 60களிலும் அன்பில்லாத தாய்மாராலேயே பிள்ளைகள் இப்படியாகின்றனர் என்று மேனாட்டிற் படித்த பெரியவர்களே எழுதினர். பேர்னாட் றிம்லண்ட் என்னும் உளநூலறிஞர், தாமும் ஓட்டிசமுள்ள மகனுடைய தந்தை, 1964இல் ஒரு நூலெழுதி அக்கொள்கையை மறுத்தார். இன்று அக்கொள்கையை அறிவியலார் எவரும் ஒப்புவதில்லை. ஆனால் நம் வைத்தியசாலை வாங்குகளில் அது இன்னும் சாகவில்லை. பெரியோர்களே, ‘முன்செய்த வினை’ என்று அந்தத் தாயின் காதுபடச் சொல்லுவோரும் நம்மில் உண்டு. வினையைப் பற்றி நம் சாத்திரம் சொல்வது நாம் நம்மைத் திருத்திக்கொள்வதற்கே. அடுத்த வீட்டாளின் புண்ணிலே கோல்கொண்டு குத்துவதற்கு அதனை எடுத்தாளுதல் சைவமாகாது.

இவ்வைந்துக்கும் துணையாகும் ஒரு சிறிய சாதனம் உண்டு. பிற நாடுகளில் இதனை வைத்தியசாலைக் கடவுச்சீட்டு என்பர். ஒரேயொரு கடதாசி. பிள்ளைக்கு எப்பெயர் பிடிக்கும், சம்மதத்தையும் மறுப்பையும் எவ்வாறு தெரிவிப்பான், நோவு வந்தால் என்ன செய்வான், எதற்கு அஞ்சுவான், எதனால் ஆறுவான், என்ன மருந்து எடுக்கின்றான், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பவற்றை அதில் எழுதிக் கிளினிக் கொப்பியோடு வைத்துவிட்டால், இரவு நேரத்தில் புதிதாக வரும் வைத்தியரும் ஐந்து நிமிஷத்தில் அவனை அறிவார்.

கடதாசி இருந்தாற் போதுமா? அதனை மதிப்போர் வேண்டும். இங்கிலாந்திலே ஒலிவர் மக்கோவன் என்ற பதினெட்டு வயது இளைஞன் ஓட்டிசமும் வலிப்பும் உடையவன். ஒருவகை மனநோய் மருந்து தனக்கு ஒவ்வாதென்று அவனும் பெற்றோரும் சொல்லியிருந்தும் அம்மருந்து கொடுக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அவன் இறந்தான். தாயார் விடாது முயன்றார். 2022இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தினால், வைத்திய சேவையில் உள்ளோர் ஓட்டிசத்தைப் பற்றியும் கற்றல் இடர்ப்பாட்டைப் பற்றியும் பயிற்சி பெறுதல் கட்டாயமாயிற்று. அப்பயிற்சி அம்மகனுடைய பெயரையே தாங்கி நிற்கின்றது. ஒரு பிள்ளையின் உயிர் போனபின் வந்த அறிவு அது. நாம் அதனை உயிரிழப்பின்றியே பெற்றுக்கொள்ளலாம்.

இலங்கையிலும் சட்டம் இல்லாமலில்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலுவிழந்தோர் உரிமைகளைக் காக்க எழுந்தது. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. பொதுக் கட்டடங்களில் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் வேண்டுமென்ற ஒழுங்குவிதி 2006இல் வந்தது. சாய்தளத்தைக் கண்ணாற் காணலாம், கட்டலாம், படமெடுக்கலாம். ஓட்டிசமுள்ளோருக்கு வேண்டிய சாய்தளம் மனிதருடைய பேச்சிலும் பொறுமையிலும் கட்டப்படவேண்டியது. அதனாலேயே அது கட்டப்படாமற் கிடக்கின்றது.

இனி, காலத்தோடு அறிதலைப் பற்றி ஒரு வார்த்தை. ‘பிள்ளை இன்னும் கதைக்கவில்லை’ என்று ஒரு தாய் கலங்கும்போது, குமரகுருபர சுவாமிகள் ஐந்து வயதுவரை பேசவில்லை, பொறுத்திரு என்று சொல்லுவோர் உண்டு. அந்த வரலாற்றை முழுதும் நினையுங்கள். சுவாமிகளின் பெற்றோர் வீட்டிலே பொறுத்திருந்தார்களா? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருச்செந்தூருக்குப் போய்ச் சந்நிதியிலே கிடந்தார்கள் என்பதே வரலாறு. முயற்சியும் நம்பிக்கையும் அங்கே சேர்ந்தே நின்றன. கோயிலுக்குப் போங்கள்; குடும்பநல உத்தியோகத்தரிடமும் போங்கள். உங்கள் பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தில், எந்த மாதத்தில் எதைச் செய்யவேண்டும் என்ற பட்டியல் இருக்கின்றது. வெளிநாட்டுக் கேள்விக்கொத்துகள் நம் தாய்மாருக்குச் சரிவரப் பொருந்தாமை கண்டு, படங்களைப் பார்த்தே தாய் விடை சொல்லத்தக்க பரிசோதனை முறையொன்றை முன்னே சொன்ன பெரேரா அம்மையாரின் குழுவினர் 2017இல் வெளியிட்டனர். கிறீன் செய்த அதே காரியத்தைத்தான் இவர்களும் செய்தார்கள்.

ஓட்டிசத்தை மாற்றிவிடும் மருந்து இன்றுவரை இல்லை. பேச்சுப் பயிற்சியும் செயன்முறைப் பயிற்சியும் நல்ல பாடசாலையும் பெருந்துணையாகும். கோண்டாவிலிலே 2004இல் தொடங்கிய சிவபூமிப் பாடசாலை போன்றவை விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கு ஆற்றும் தொண்டினை நீங்கள் அறிவீர்கள். ‘முற்றாக மாற்றுவேன்’ என்று பெரும் பணம் கேட்போரை நம்பாதீர்கள். தடுப்பூசியால் ஓட்டிசம் வருமென்று 1998இல் இலண்டனில் வெளியான கட்டுரை, பிழையானதென்று 2010இல் அச்சஞ்சிகையாலேயே திரும்பப் பெறப்பட்டது. அந்த வீண் அச்சத்தினாற் சின்னமுத்துக்குப் பிள்ளையைப் பலிகொடாதீர்கள்.

வாலிப அன்பர்களே, உங்களுக்கே இனிச் சொல்லவேண்டியது. நம் சங்கத்தார் திருவிழாக் காலத்திலே தண்ணீர்ப்பந்தல் வைக்கின்றீர்கள், சனக்கூட்டத்தை ஒழுங்குபடுத்துகின்றீர்கள். வரிசையில் நிற்பது உங்களுக்குப் பழக்கம். ஓட்டிசமுள்ள பிள்ளை உள்ள வீட்டுக்கு ஒருவர் வீதம் பொறுப்பேற்று, கிளினிக் நாளிலே அத்தாய்க்குப் பதிலாக வரிசையில் நில்லுங்கள். நல்ல கையெழுத்துள்ள தங்கைமார் அந்தக் கடதாசியை எழுதிக் கொடுங்கள். பெரியோர் வைத்தியசாலை நலன்புரிச் சங்கத்தாரோடு பேசி, அமைதியான ஒரு வாங்குக்கும், வாரத்தில் கூட்டம் குறைந்த ஒரு மணி நேரத்துக்கும் வழி செய்யுங்கள். நம் வைத்தியர்களும் தாதிமாரும் அளவுகடந்த வேலைப்பளுவுக்கிடையே பணியாற்றுகின்றனர். அவர்கள்மேற் குறைசொல்லிக்கொண்டு போகாமல், கை கொடுக்கப் போகின்றோம் என்று போங்கள். மிக முக்கியமாக, ஓட்டிசமுள்ளவர்களிற் சொல்லத் தெரிந்தவர்களை அவர்களுக்கு என்ன வேண்டுமென்று கேளுங்கள். அவர்களைப் பற்றி நாம் பேசியது போதும். அவர்களோடு பேசத் தொடங்குவோம்.

இவ்வூரிலே மருந்துப் பெட்டியோடு வந்திறங்கிய அந்நியர்கள் நம் மொழியைக் கற்றுக்கொண்டார்கள். ஒரே தெருவில், ஒரே கிணற்று நீரைக் குடித்து நம்மோடு வாழும் பிள்ளையின் மொழியை நாம் கற்றுக்கொள்வது அதனிலும் அரிதா? அடுத்த ஆண்டு விழாவுக்கு முன் இப்பகுதியில் ஒரு பத்துப் பிள்ளைகளின் கிளினிக் கொப்பியிலாவது அந்தக் கடதாசி இருக்குமாயின், நமது சங்கம் செய்த நற்பணிகளுள் அதுவும் ஒன்றாக எண்ணப்படும். அதற்கு எல்லாம்வல்ல இறைவன் திருவருள் கூட்டுவானாக.